வீல்சேரில் இருக்கும் அண்ணன் வாசலுக்குக்கூட வருவதில்லை

கேள்வி (தண்டையார்பேட்டை):
அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அம்மா போன பிறகு எந்நேரமும் மொபைலும் கையுமாக இருக்கிறார், விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தூக்கம், பேச்சுக் கொடுத்தால் "சரி, சரி" என்று முடித்துவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில் (வியாசர்பாடி, முன்னாள் ஹவில்தார்):
தம்பி, நானும் 11 வருஷமாக வீல்சேர்தான். வெளியே வராததற்கு முக்கால்வாசிக் காரணம், தெரியாமல் மூத்திரம் போய்விடுமோ என்ற பயம், நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். டாக்டர் சொன்ன இடைவெளியில் டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்து, மலத்துக்கும் தினம் ஒரே நேரம் பழக்கிய பிறகுதான் நான் தைரியமாகத் தெருமுனை டீக்கடைக்கே போனேன். அங்கேயும் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடுவேன், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்து மாசக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான்.

பதில் (ராயபுரம்):
புனே கட்கியில் அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே பழகியவர்களோடு தினம் ராத்திரி போனில் சண்டை போடுவார், அதுதான் அவருக்கு மருந்து. மழைத் தண்ணீர் தேங்கினால் மட்டும் அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்!

கேட்டவர்:
மூத்திர விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. இன்று ராத்திரி மெதுவாகக் கேட்கிறேன். அப்புறம், வாசலில் மூன்று படி இருக்கிறது, நாளைக்கே சாய்வுப் பலகைக்குச் சொல்லிவிடுகிறேன்.