மாசை அளக்கக் கற்றுக்கொண்ட அனுபவங்கள்: நீர், காற்று, பூச்சிகள்

தண்ணீரிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். ஆக்ஸிஜன் அளக்கும் மீட்டரை நீருக்குள் விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது என்ற நினைப்போடுதான் எங்களில் பலர் பயிற்சிக்குப் போனோம். பாடம் எடுத்தவர் மீட்டர் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை (மீன்கள் சுவாசிப்பது இதைத்தான்) விங்க்லர் முறையில் கையாலேயே அளக்கச் சொன்னார். 1888-இல் வந்த முறை இது. மீட்டர் சொல்வதில் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

கண்ணாடிக் குப்பியை நீரில் அமிழ்த்தி, ஒரு குமிழிகூடத் தங்காமல் நிரப்பி மூட வேண்டும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. கரையிலேயே உட்கார்ந்து மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு, மூடி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பாகத் திரிந்து அடியில் இறங்கும். ஆக்ஸிஜன் கூடக் கூடப் பழுப்பும் கூடும். சாக்கடை வந்து சேரும் இடத்தில் எடுத்த குப்பியில் பழுப்பே இல்லை, வெள்ளையாகப் படிந்தது. ஆக்ஸிஜன் அறவே இல்லை என்பதைக் கணக்குப் போடாமலே கண்ணால் பார்த்துவிட்டோம்.

மற்ற குப்பிகளில் அமிலம் விட்டதும் மஞ்சள் நிறம் வந்தது. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலமாகிவிடும். அதற்குப் பிறகு அவசரப்படக் கூடாது. ஒரே ஒரு சொட்டில் நீலம் மறைந்துபோகும். 200 மில்லி நீருக்கு 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட் கரைசல் என்றால், செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்ஸிஜன்.

நேரத்தைக் குறிக்காத அளவைப் பாடம் எடுத்தவர் வாங்கவே மாட்டார். அதன் காரணம் பாசி மண்டிய குளத்தில் புரிந்தது. வெயிலில் பாசி ஆக்ஸிஜனைக் கொட்டுவதால் பிற்பகலில் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். இரவெல்லாம் அதே பாசியும் மற்ற உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்ப்பதால், விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிற்பகல் எண்ணை மட்டும் பார்த்தால் குளம் அமோகமாக இருக்கிறது என்றுதான் எழுதத் தோன்றும்.

* * *

காற்றிலும் இதே கதைதான். நான் வைத்திருப்பது கையடக்க பிஎம் 2.5 சென்சார், அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான அளவும் உள்ள நுண்துகள்களைக் காட்டுவது. அது எதையும் எடை போடுவதில்லை. குட்டி விசிறி காற்றை இழுக்க, துகள்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்து இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். பனிமூட்டமான காலையில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிடும், ஒளி கூடுதலாகச் சிதறும், எண் எகிறும். தூசியே கூடியிருக்காது!

இதை எனக்குப் புரியவைத்தது, வடிதாளில் துகளைப் பிடித்து அளக்கும் தரமான கருவிக்குப் பக்கத்திலேயே என்னுடையதையும் மாட்டி வைத்ததுதான். உலர்ந்த நேரங்களில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே போயின. ஈரப்பதம் ஏறியதும் என்னுடையது தனிவழி போய்விட்டது. இப்போது ஈரப்பதத்தையும் சேர்த்தே குறிக்கிறேன்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பது 24 மணி நேரச் சராசரிக்கு. ஆண்டுச் சராசரிக்கு 5. பக்கத்தில் யாரோ குப்பையைக் கொளுத்திய நிமிடத்தில் வந்த எண்ணைப் படமெடுத்து, 'வரம்பைப் போல பத்து மடங்கு' என்று பரப்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. உண்மையான புகாரையும் இது கெடுத்துவிடும்.

* * *

எனக்குக் கருவிகளைவிடப் பூச்சிகள் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஓடையில் வலையைப் பிடித்து, நீர் வரும் பக்கமாக அதற்கு முன்னால் இருக்கிற கற்களைக் காலால் கிளறிவிட்டு, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்போம். முதலில் வெறும் சருகாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சருகு நடக்க ஆரம்பிக்கும். வயிற்றோரம் செவுள் படபடக்க, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு இருப்பது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். அசுத்தத்தை அவ்வளவாகத் தாங்காது. சிவப்பு ரத்தப்புழு (கொசு போன்ற ஒரு பூச்சியின் புழு) மட்டும் நெளிந்தால் விஷயம் வேறு. அதற்கு ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் சமாளித்துவிடும்.

ராத்திரியில் கழிவைத் திறந்துவிடும் ஆலைகள் மேல் சந்தேகம் எழுவது இதில்தான். பகலில் அள்ளிய குப்பித் தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். ஆனால் ஓடை ஆலைக்கு வருவதற்கு முன் தட்டு நிறைய மேஃப்ளை, ஆலையைத் தாண்டிய பிறகு ஒன்றுகூட இல்லை என்றால் நடுவில் என்னவோ நடக்கிறது. யார், எது என்று சொல்ல பூச்சி போதாது. அதற்கு இரவிலும் மாதிரி எடுக்க ஆள் போக வேண்டும். குப்பியில் இடமும் நேரமும் எழுதி முத்திரை வைக்காவிட்டால் அதையும் ஏற்க மாட்டார்கள்.