28 ரூபாய் வாஷர்: சர்வீஸ் விட்ட 12-ஆம் நாள் ஆயில் ஒழுகினால் யார் பொறுப்பு?

ஆழியாறு வளைவு (காலை 7.12):
நேற்று பிரேக் பேட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்பானர்22 சார் ஒரு வரி எழுதினார்: "கம்பெனி சர்வீஸில் வேலை சுத்தமாகத்தான் நடக்கும். ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டு வண்டியை வெளியே எடுத்துவிட்டால் அப்புறம் வரும் கோளாறு ஓனருடையது." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

போன மாதம் 3-ஆம் தேதி கோவையில் ஒரு டீலரிடம் என் காரை 30,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பில் 7,860 ரூபாய். ஆறாம் நாள் போர்டிகோ டைல்ஸில் ஐந்து ரூபாய் காசு அளவுக்கு ஒரு கறை. சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போட்டேன். "ஃபில்டர் மாத்தும்போது சிந்தியிருக்கும் சார், ரெண்டு நாளில் நின்னுடும்" என்றார். நம்பினேன்.

15-ஆம் தேதி குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. வண்டியைத் திருப்பும்போது டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. பின்சீட்டில் என் அம்மா, எட்டு வயது மகள். டோயிங் வண்டி வர இரண்டரை மணி நேரம், பொள்ளாச்சி வரை இறக்க 4,500 ரூபாய்.

பொள்ளாச்சி பட்டறையில் அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே கழற்றினார். 3.5 லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 1.2 லிட்டர் வந்தது. ஆயில் ஒழுகாமல் அடைக்கும் வளையமாக போல்ட்டில் இருந்தது பழைய அலுமினிய வாஷர். நசுங்கி, ஒரு பக்கம் கறுத்து, இரண்டு வளையத் தடம். பில்லில் பாருங்கள்: "டிரெயின் பிளக் கேஸ்கெட், 1, ரூ. 28". அந்த வாஷருக்குத்தான் பில்லில் இந்தப் பெயர். காசு வாங்கியிருக்கிறார்கள், வாஷரைப் போடவில்லை. படம் இணைத்திருக்கிறேன். இப்போது சொல்லுங்கள் ஸ்பானர் சார், இது ஓனர் கோளாறா?

ஸ்பானர்22 (காலை 8.40):
22 வருஷம் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ரேம்ப்புக்கு அடியில் நின்றவன் நான். ஐந்து வருஷம் ஃப்ளோர் சூப்பர்வைசர். படத்தைப் பார்த்தேன். 600 கிலோமீட்டர் ஓடிய எந்த அலுமினிய வாஷரும் இப்படித்தான் இருக்கும். நசுங்குவதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நசுங்கினால்தான் அடைக்கும். நசுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பழசு என்று சொல்பவருக்கு வாஷர் என்றால் என்ன என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

டைல்ஸில் கறையைப் பார்த்தபிறகும் ஆறு நாள் டிப்ஸ்டிக்கைத் தொடாமல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது யார்? அதையும் சர்வீஸ் அட்வைசரா செய்தார்?

ஆழியாறு வளைவு (காலை 8.58):
நசுங்குவதை நான் மறுக்கவில்லை சார். இரண்டு வளையத் தடம் என்று எழுதியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஒருமுறை முறுக்கினால் ஒரு தடம். கழற்றி மறுபடி முறுக்கும்போது அதே இடத்தில் சரியாக உட்காராது, இரண்டாவது தடம் விழும். இது இரண்டு சர்வீஸ் பார்த்த வாஷர். 28 ரூபாய் வாங்கிவிட்டுப் போடாத வாஷர்.

டிப்ஸ்டிக் பற்றி: "நின்னுடும்" என்று சொன்னது உங்கள் ஆட்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார், மெக்கானிக் இல்லை. தெரிந்தவர் சொன்னதை நம்பினேன்.

சிங்காநல்லூர் டீசல் (காலை 9.15):
வாஷரை ஒவ்வொரு தடவையும் மாத்தணும்னு யாருங்க சொன்னது? என் வண்டி 1,80,000 ஓடியிருக்கு. மூணு தடவைக்கு ஒருக்கா மாத்துவேன். ஒரு சொட்டு கீழே விழுந்ததில்லை. போல்ட்டில் ரெண்டு சுற்று டெஃப்லான் டேப் சுத்தினால் போதும்.

ஸ்பானர்22 (காலை 9.31):
டெஃப்லான் டேப்பா? அது வீட்டுக் குழாய்க்குச் சுற்றுவது. பிய்ந்த துணுக்கு எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சேம்பருக்குள் போய் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் எஞ்சின் போய்விடும். இந்த மாதிரி ஆட்கள் வாஷரைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறார்கள்.

சிங்காநல்லூர் டீசல் (காலை 9.38):
ரெண்டு வருஷம் முன்னாடி என் பழைய வண்டிக்கு 5டபிள்யூ-30ங்கிற மெல்லிசான ஆயிலை ஊத்தச் சொன்னது நீங்கதானே? அப்புறம் ஆயில் குடிச்சதே, அதுக்கு என்ன பதில் சொன்னீங்க? மறக்கலைங்க நான்.

ஸ்பானர்22 (காலை 9.44):
பிஸ்டன் ரிங் போன வண்டி எதை ஊற்றினாலும் குடிக்கும். அதை அன்றைக்கே சொன்னேன்.

கோர்ட்டு வாசல் (காலை 10.20):
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வழக்கறிஞர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "குறைபாடு" என்பதற்கு விளக்கம் பிரிவு 2(11)-இல் இருக்கிறது. சேவையின் தரத்திலோ செய்யும் முறையிலோ இருக்கும் பிழை, போதாமை எல்லாம் அதில் அடங்கும். டெலிவரியின்போது போட்ட கையெழுத்து, வேலையில் இருந்த பிழையை மறைத்துவிடாது. ரேம்ப் இல்லாத ஓனர் டிரெயின் போல்ட்டை எப்படிப் பார்ப்பார்? போல்ட் விரலால் கழன்றது என்பதே போதும். வாஷர் புதுசா பழசா என்பது இரண்டாம் விஷயம். முதலில் எதைக் குறைபாடு என்கிறோம் என்று பேசலாமே.

ஆழியாறு வளைவு (காலை 10.34):
நன்றி சார். ஆனால் வாஷர் இரண்டாம் விஷயம் இல்லை. போல்ட் லூஸாக விட்டது கவனக்குறைவு, மனுஷன் மறப்பான். வாஷருக்கு பில் போட்டுவிட்டுப் பழசையே மாட்டியது ஏமாற்று. 28 ரூபாய்தானே என்று யாரும் சொல்லவேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி பார்க்கும் இடத்தில் அது என்ன தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்பானர்22 (காலை 10.50):
ஏமாற்று என்ற வார்த்தையைத் திரும்ப வாங்குங்கள். அந்த வாஷர் புதுசு. ஸ்டோர்ஸில் ஜாப் கார்டு நம்பர் போட்டு இஷ்யூ ஆகாமல் பில்லில் ஏறாது. ரேம்ப்பில் வேலை செய்யும் பையன் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை பார்க்கிறான். கையில் கொதிக்கிற ஆயில் கொட்டிய தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. 28 ரூபாய் திருடப் பிறந்தவர்கள் இல்லை நாங்கள்.

ஆழியாறு வளைவு (காலை 11.05):
பையனை நான் சொல்லவே இல்லை. அவனுக்குக் கொடுக்கும் நேரம் என்ன, "90 நிமிட சர்வீஸ்" என்று போர்டு வைத்தது யார் என்றுதான் கேட்கிறேன். டிகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று அட்வைசர் என் தலையில் கட்டப் பார்த்தது இருபது நிமிடம். போல்ட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க இரண்டு நிமிடம் ஆகாது. பல சின்ன கார்களுக்கு இறுக்கும் அளவு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர், கம்பெனி மேனுவலில் இருக்கிறது. அதற்கு நேரம் இல்லை.

ஸ்டோர்ஸில் இஷ்யூ ஆனது என்கிறீர்கள். சரி, இஷ்யூ ஆன வாஷர் எங்கே? என் போல்ட்டில் இல்லை. இரண்டு தடம்.

புதுவண்டி 2023 (காலை 11.22):
அண்ணா, இதனால்தான் நான் வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் விட நினைக்கிறேன். ஆனால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கோர்ட்டு வாசல் (காலை 11.40):
வெளியே ஆயில் மாற்றியதற்காக ஏசி கம்ப்ரசர் வாரண்டியை மறுப்பது நியாயம் இல்லை. உதிரிபாகங்களையும் ரிப்பேரையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்ததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஸ்பானர்22 (காலை 11.52):
விதித்தது. அப்புறம் கம்பெனிகள் அப்பீலுக்குப் போனார்கள். அதையும் எழுதுங்கள் வக்கீல் சார். தம்பி, வாரண்டி புத்தகத்தைப் படியுங்கள். வெளியே விட்டு எஞ்சினில் ஏதாவது வந்தால் இவர்கள் யாரும் உங்களோடு வந்து நிற்கமாட்டார்கள்.

சிங்காநல்லூர் டீசல் (பகல் 12.05):
உள்ளே விட்டும் ஒன்பதாவது வளைவில் யாரும் வந்து நிக்கலையேங்க.

ஸ்பானர்22 (பகல் 12.11):
கறையைப் பார்த்துவிட்டு மலை ஏறினார். எத்தனை தடவை சொல்வது?

ஆழியாறு வளைவு (பகல் 12.40):
நீங்கள் கறையைச் சொல்லச் சொல்ல நான் வாஷரைச் சொல்லத்தான் செய்வேன். அந்த விளக்கு என்ன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது ஆயில் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. சமதரையில் மிச்சமிருந்த ஆயில் பம்ப்புக்கு எட்டியது, விளக்கு எரியவில்லை. ஏற்றத்தில் வளைந்தவுடன் ஒரு பக்கமாக ஒதுங்கியது, பம்ப் காற்றை இழுத்தது, எரிந்தது. என் அம்மாவுக்கு 71 வயது. அந்த வெயிலில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். குரங்குகளுக்குப் பயந்து மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். இரண்டரை மணி நேரம்.

டீலரிடம் திரும்பிப் போனபோது ஒர்க்ஸ் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "வெளி மெக்கானிக் போல்ட்டைத் தொட்டுட்டார் சார், இனி எங்களால் ஒண்ணும் சொல்ல முடியாது." அதாவது மலையிலேயே ஆயில் இல்லாமல் வண்டியை வைத்துக்கொண்டு இவர்கள் வரும்வரை காத்திருக்கவேண்டும். வாஷரை மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

ஸ்பானர்22 (பகல் 1.15):
அந்த மேனேஜர் சொன்னதில் தப்பு இல்லை. பொள்ளாச்சியில் கழற்றியது யார், கழற்றியபின் எந்த வாஷரைக் காட்டினார் என்பதற்கு என்ன சாட்சி? பட்டறைத் தரையில் பழைய வாஷர் நூறு கிடக்கும்.

ஆழியாறு வளைவு (பகல் 1.21):
இப்போது பொள்ளாச்சிக்காரர் திருடனா? போல்ட்டில் அவர் கை படும் முன்னாலிருந்து நான் வீடியோ எடுத்திருக்கிறேன். போல்ட், விரல், ஆயில், வாஷர் எல்லாம் ஒரே ஓட்டத்தில் இருக்கிறது. அவர் என்னிடம் வாங்கியது ஆயிலுக்கும் புது வாஷருக்கும் மட்டும். கூலி கேட்கவில்லை. "குழந்தையை வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, போயிட்டு வாங்க" என்றார்.

புதுவண்டி 2023 (பகல் 1.30):
வீடியோவைப் போடுங்கள் அண்ணா.

கோர்ட்டு வாசல் (பகல் 1.48):
இங்கே போடாதீர்கள். மூலப் பதிவை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பிறகு டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம். ஆயில் குறைவாக ஓடியதில், சுழலும் தண்டைத் தாங்கும் எஞ்சின் பேரிங்கில் பாதிப்பு இருக்கிறதா என்று இப்போதே பார்த்து எழுத்தில் வாங்குங்கள். வழக்கின் பலம் அதில்தான். வாஷரில் இல்லை.

ஆழியாறு வளைவு (பகல் 2.02):
எல்லாம் செய்கிறேன் சார். வாஷரையும் சேர்த்துத்தான் செய்வேன்.

சிங்காநல்லூர் டீசல் (பகல் 2.20):
பேரிங்கைப் பார்க்க சேம்பரை இறக்கணும். திரும்ப மாட்டும்போது ஒழுகாம இருக்க அதுக்கு கம் (பசை) போடணும். அந்த கம்மை ஒழுங்காகப் போடத் தெரிஞ்சவன் கோயம்புத்தூரில் நாலு பேர்கூட இல்லைங்க.

ஸ்பானர்22 (பகல் 2.26):
டெஃப்லான் டேப் சுற்றுபவர் கம் பற்றிப் பேசுகிறார்.

சிங்காநல்லூர் டீசல் (பகல் 2.29):
5டபிள்யூ-30.

ஸ்பானர்22 (பகல் 2.45):
கடைசியாக ஒன்று. இரண்டு தடம் என்றால் பழசு என்று எந்த மேனுவலில் எழுதியிருக்கிறது? முறுக்கும்போது போல்ட் தலை வழுக்கினால் புது வாஷரிலும் இரண்டு தடம் விழும். நானே பார்த்திருக்கிறேன். பின்பக்கப் படத்தைப் போடுங்கள், சொல்கிறேன்.

ஆழியாறு வளைவு (பகல் 3.10):
விரலால் கழலும் அளவுக்கு முறுக்கிய போல்ட்டில் புது வாஷர் இவ்வளவு நசுங்குமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பின்பக்கம் கேளுங்கள். பின்பக்கப் படம் காலையிலேயே இருக்கிறது, இரண்டாவது படம். மறுபடி இணைக்கிறேன். பக்கத்தில் கடையில் வாங்கிய புது வாஷரையும் வைத்து எடுத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது என்னுடையது.

ஸ்பானர்22 (பகல் 3.24):
வெளிச்சம் போதவில்லை. பகலில் வாசலில் வைத்து எடுங்கள்.