வன்னிக் காட்டுக்குள் நடந்த அனுபவங்கள்: தடத்தைப் பார்த்துக் காலை வையுங்கோ

ஒட்டுசுட்டான்காரன்:
கொழும்பில் இருந்து வந்த மருமகன், "மாமா, காட்டுக்குள்ள நடக்கப் பாதை இருக்கா?" என்று கேட்டான். தாராளமாக இருக்கிறது, அதுதான் கரைச்சல். அம்புக்குறி போட்டு ஆட்களுக்கென்று வெட்டிவிட்ட பாதைகள் இல்லை. மாடு, யானை, தேன் எடுக்கிறவர், விறகுக்காரர், மரம் கடத்துகிறவர், வேட்டைக்காரர் என்று ஆளாளுக்குத் தங்கள் தேவைக்குப் போட்ட தடங்கள்தான் எல்லாம். யாருடைய தடம் என்று தெரியாமல் நான் உள்ளே போவதில்லை.

மாட்டுத்தடம் பெரும்பாலும் குளத்தில் போய் முடியும். பகலில் நம்பி நடக்கலாம், பின்னேரம் யானையும் அதே குளத்துக்குத்தான் வரும். யானைத்தடம் அகலமாக, துப்புரவாக இருப்பதால் புது ஆட்களுக்கு அதுதான் நல்ல பாதையாகத் தெரியும். லத்தி ஈரமாகக் கிடந்தாலோ, கொப்பு முறிகிற சத்தம் கேட்டாலோ திரும்பிவிட வேண்டியதுதான். தனியன், அதாவது கூட்டத்தை விட்டுத் தனியே திரிகிற ஆண் யானை என்றால் இன்னும் மோசம். அதோடு ஓடிப் போட்டி போட மனிதனால் முடியாது. உழவு இயந்திரத் தடம் ஒன்று புதிதாய் வெட்டின முதிரை மரக் குற்றியடியில் போய் நின்றால், அங்கே நின்று படம் எடுக்காதீர்கள். வெட்டினவன் பக்கத்தில் இருப்பான்.

குனிந்து போகிற மாதிரி ஒடுங்கின தடம் பன்றியும் மானும் போவது. கட்டுத்துவக்கு, அதாவது மிருகம் நூலில் தட்டினால் வெடிக்கிற துவக்கு, கட்டுவதும் அதில்தான். மருமகனோடு முத்தையன்கட்டுப் பக்கம் போனபோது அப்படி ஒன்றைக் கண்டோம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, தடத்துக்குக் குறுக்காக ஒரு தங்கூசி நூல். வெயில் பட்ட துண்டு மட்டும் மினுங்கியது. ஒரு காய்ந்த இலை அதில் கொழுவி ஆடிக்கொண்டிருந்ததால்தான் கண்ணில் பட்டது. நூல் போன பக்கம் பற்றைக்குள் குழாயின் வாய் தெரிந்தது. தொடவில்லை, வெட்டவும் இல்லை. வந்த காலடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடம் சொன்னோம். மருமகன் அதற்குப் பிறகு எனக்கு முன்னால் நடக்கவே இல்லை.

மடுப்பக்கத்து ஆள்:
அண்ணை யானையைச் சொன்னார், நான் கரடியைச் சொல்கிறேன். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் நிலத்தை மட்டும் பார்த்து நடக்கக் கூடாது. பச்சை இலையோடு முறிந்த கொப்புகள் மரத்தடியில் கிடந்தால் மேலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குரங்காகவும் இருக்கலாம். எங்களுக்கு அது கரடியாக இருந்தது. பழம் தின்கிற கவனத்தில் நாங்கள் வந்தது அதற்குத் தெரியவில்லை. பிறகு அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. பட்டையில் நகம் இழுபடுகிற சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. எங்களைக் கூட்டிப்போன பெரியவர் "ஓடாதையுங்கோ" என்று மட்டும் சொன்னார். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெல்லப் பின்னுக்குப் போனோம். கரடி திடுக்கிட்டால் முகத்தைத்தான் கிழிக்கும், எங்கள் பக்கத்தில் அப்படி அடையாளத்தோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பாலைப்பழக் காலத்தில் நாங்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டே போவோம்.

இன்னொன்று. மடு வீதி, சுண்டிக்குளம் என்ற இரண்டு இடங்களும் 2015 இல் தேசிய பூங்கா ஆக்கப்பட்டவை. நினைத்தபடி அங்கே இறங்கி நடக்க முடியாது, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். ஒதுக்குக் காடு என்றால் வன இலாகாவிடம்.

கிளிநொச்சி அக்கா:
நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். நீங்கள் சொன்ன தடங்களோடு இன்னொன்றையும் சேருங்கோ: ஒருத்தரும் போகாத தடம். சனம் விறகுக்குக்கூடப் போகாத துண்டுக் காடு இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், ஊரில் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் பலகை விழுந்திருக்கலாம், கறையான் தின்ற தடிகளை நானே கண்டிருக்கிறேன். பழைய மண் அணை, பதுங்குகுழி, முள்ளுக்கம்பி தெரிந்தால் அவற்றைச் சுற்றிப் பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கோ. மிதிவெடி பெரிய சாமான் இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கும். ஜொனி என்று சொல்கிற மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது, மண்ணுக்குள் உக்கின பலகைத் துண்டு என்றுதான் தோன்றும். மாரி வெள்ளம் இடம் மாற்றியும் விடும். நெருப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கிற பழக்கமும் வேண்டாம். கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது, சூட்டுக்கு வெடிக்கும். கண்டால் நிற்கிற இடத்தில் நின்று, வந்த காலடியில் திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கோ. மற்ற ஆட்கள் அந்தப் பக்கம் வராமல் தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு வந்தால் புண்ணியம்.

வவுனியா தாதி:
பாம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! புடையன் (விரியன்) கடித்து வருகிறவர்களில் பலர் கயிறு இறுக்கிக் கட்டி, பிளேட்டால் கீறி, பிறகுதான் வருகிறார்கள். இரண்டும் கெடுதல்தான். கடித்த காலை அசைக்காமல் தடி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கோ. மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கோ. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, கடித்த நேரத்தைச் சொன்னால் போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சிக்னல் இல்லாத காட்டுக்குள் அது உதவாது, அதனால் ரோட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆளாவது கூட இருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்காரன்:
வழி தவறினால் என்ன செய்வது என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். தட்டை நிலம், மேட்டில் ஏறிப் பார்க்க இங்கே மலை இல்லை. நாங்கள் போகும்போதே இடக்கைப் பக்கம் குழை முறித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போவோம், திரும்பும்போது அது வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கனகராயன் ஆற்றுப் பக்கம் என்றால் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்துக்குப் போகிறது என்பது நினைவில் இருக்கட்டும். வரண்டு கிடந்தாலும் மணலில் வரி தெரியும். ஆனால் தம்பி, முதல் தரம் தனியே போகாதையும். தேன் எடுக்கப் போகிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டால் கூட்டிப்போவார்கள், கூலியை மட்டும் முதலே பேசிக்கொள்ளும்.