சொக்கு நாளைக்கு என்ன பேசுவான்?

குழு: புதுவயல் வளவு வீடு
அக்டோபர் 23

உமையாள், மாலை 5:42
எல்லோருக்கும் வணக்கம். சொக்கு நாளைக் காலை பள்ளிக்கூடப் பிரேயரில் பேச வேண்டுமாம். ‘வரலாற்றில் இந்த நாள்: அக்டோபர் 24’. இரண்டு நிமிடம். நான்கு நாளாகப் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு இப்போதுதான் டைரியை நீட்டுகிறான். யாராவது கைகொடுங்கள்.

லட்சுமணன், 5:44
(பலமுறை பகிரப்பட்டது)
அக்டோபர் 24
1648 – வெஸ்ட்பாலியா அமைதி உடன்படிக்கை
1929 – நியூயார்க் பங்குச் சந்தையில் கறுப்பு வியாழன்
1945 – ஐக்கிய நாடுகள் சபை பிறந்தது
1964 – சாம்பியா விடுதலை
1984 – இந்தியாவின் முதல் மெட்ரோ, கொல்கத்தா
2003 – கான்கார்ட் விமானத்தின் கடைசிப் பயணிகள் சேவை
இந்நாள் இனிய நாளாகட்டும் 🙏

சிகப்பி, 5:45
மாமா, நாளைக்கு வர வேண்டிய இனிய நாள் இன்றைக்கே வந்துவிட்டது.

உமையாள், 5:47
மாமா, வெஸ்ட்பாலியா எங்கே இருக்கிறது என்று கேட்கிறான்.

லட்சுமணன், 5:48
ஜெர்மனிப் பக்கம். முப்பது வருஷச் சண்டை முடிந்த இடம். அதற்கு மேல் கேட்டால் உன் பெரியப்பாவிடம் அனுப்பு.

அண்ணாமலை, 5:58
இந்தப் பட்டியலைப் போட்ட புண்ணியவான் யார்? சாம்பியா இருக்கிறது, திருப்பத்தூர் இல்லை! 1801 அக்டோபர் 24, பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கில் போட்ட நாள். காரைக்குடியில் படிக்கிற பிள்ளை இதை விட்டுவிட்டுக் கொல்கத்தா மெட்ரோவைப் பேசினால் நன்றாகவா இருக்கும்?

லட்சுமணன், 6:01
தெரியாமல் என்ன மச்சான். நாளைக்குக் கண் டாக்டரைப் பார்க்க மதுரை போக வேண்டும். திருப்பத்தூரில் விழாக் கூட்டம், போலீஸ். வண்டியை எந்தப் பக்கம் திருப்பி விடுவார்களோ என்று காலையிலிருந்து அதே கவலை.

அண்ணாமலை, 6:02
விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள் மாப்பிள்ளை.

சிகப்பி, 6:05
பெரியப்பா, தூக்கில் போட்டது தெரியும். அவர்கள் செய்த குற்றம் என்ன? கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில்தான் கேட்கிறேன்.

அண்ணாமலை, 6:13
பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை இங்கே ஓடி வந்தார். சின்ன மருது இடம் கொடுத்தார். பிடித்துக் கொடு என்றது கம்பெனி. மாட்டேன் என்றார். அதோடு நிற்கவில்லை. 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டினார்கள். எந்தச் சாதியானாலும் சரி, எல்லோரும் சேர்ந்து பரங்கியரை விரட்டுங்கள் என்று. ஜம்புத் தீவுப் பிரகடனம் என்கிறோமே, அதுதான். சிப்பாய்க் கலகத்துக்கு 56 வருஷம் முந்தியது.

லட்சுமணன், 6:16
சின்ன மருது இருந்த ஊர்தானே நம்ம மஞ்சுவிரட்டு நடக்கிற ஊர்?

அண்ணாமலை, 6:19
அது சிராவயல், மாப்பிள்ளை. திருப்பத்தூர் ரோட்டில் இருக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்தியதும் அங்கேதான். சின்ன மருது இருந்தது கல்லல் பக்கத்து அரண்மனைச் சிறுவயல். கம்பெனிப் படை நெருங்கியதும் அவர்களே ஊருக்குத் தீ வைத்துவிட்டார்கள். வந்தவனுக்கு ஒதுங்க ஒரு கூரை கூட மிஞ்சவில்லை. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தார்கள். ஒரு மாதம் வெட்டியும் முடியவில்லை, விட்டுவிட்டு வேறு வழியாகப் போனார்கள். இன்றைக்குக் கல்லல் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கருவேலத்தைப் பார்த்தால் காடு என்று சொல்லத் தோன்றுமா?

உமையாள், 6:21
பெரியப்பா, இரண்டு நிமிடம்.

அண்ணாமலை, 6:29
இரு, இதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. 1795 வாக்கில் மதுரையில் இருந்தபோது மருதுக்களோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி என்கிற வளைந்த எறி ஆயுதத்தை வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். பெரிய மருது வேட்டைப் பிரியர், ஆர்க்காடு ரூபாயை விரலாலேயே வளைப்பார் என்று எழுதியிருக்கிறார். சின்ன மருதுவின் அரண்மனை வாசலில் காவலுக்கு ஒரு ஆள் கிடையாதாம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். ஆறு வருஷம் கழித்து இதே வெல்ஷ் கம்பெனிப் படையோடு இந்தக் காட்டுக்கே வந்தார். நமக்கு இவ்வளவும் தெரிவது, எதிர்த்து வந்தவர் 1830இல் போட்ட நினைவுக் குறிப்பால்.

விசாலாட்சி அப்பத்தா, 6:34
(குரல் பதிவு 1:10)

சிகப்பி, 6:41
அப்பத்தா பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஃபோனைக் காதில் வைக்க முடியாதவர்களுக்காக:
‘வெள்ளைக்காரன் எழுதினதெல்லாம் இருக்கட்டும். குன்றக்குடிக் கதையைச் சொல்லு பிள்ளைக்கு. பெரிய மருதுவுக்கு முதுகிலே ராஜபிளவைன்னு பெரிய கட்டி. எந்த வைத்தியத்துக்கும் கேட்கலை. காடன் செட்டியாருன்னு முருக பக்தர், நம்ம நகரத்தார், அவுக வந்து முருகனைக் கும்பிட்டுத் திருநீறு பூசினாக. ஆறிப்போச்சு. அப்புறந்தான் பெரிய மருது குன்றக்குடிக் கோயிலுக்கு அவ்வளவு திருப்பணியும் செஞ்சாரு. மருதாபுரி ஊருணி இருக்கே, யார் வெட்டினதுன்னு நெனச்சே? காவடி தூக்கிட்டுப் போறப்போ அதிலே கால் நனைக்காதவுக நம்ம வீட்டிலே உண்டா?’

அண்ணாமலை, 6:43
ஆத்தா சொல்வது கோயில் வழக்கில் சொல்கிற கதை. திருப்பணி செய்தது நிஜம்.

விசாலாட்சி அப்பத்தா, 6:44
கதை இல்லடா

மெய்யப்பன், 6:52
இங்கே பினாங்கில் மணி ஒன்பதரை ஆகப் போகிறது, இப்போதுதான் பார்த்தேன். சின்ன மருதுவின் மகன் துரைசாமியை யாரும் சொல்லவில்லையே. தூக்கிலிருந்து தப்பியவர், பதினைந்து வயதுப் பையன். 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு கப்பலேற்றி இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது இதற்குப் பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு. 1818இல் அப்பச்சி சொன்ன அதே வெல்ஷ் பினாங்கு வந்தார். தளர்ந்துபோன ஒரு கிழவர் எதிரே வந்து நின்றார். யார் என்று கேட்டால், துரைசாமி. வயது முப்பத்து சொச்சம்தான் இருக்கும்.

உமையாள், 6:54
இது தெரியாது அண்ணா.

மெய்யப்பன், 6:57
நம்ம ஆட்கள் வட்டிக்கடை போட்டு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதம் விட்டு, பினாங்கு என்றால் செல்வம் என்று பேர் வாங்கியது அப்புறம். அதற்கு முன்னாலேயே சிவகங்கைச் சீமையிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்கள் கைதிகள். தைப்பூசத்துக்கு ரதத்தின் பின்னால் நடக்கிறபோது எனக்கு இது ஞாபகம் வரும்.

முத்தையா, 7:10
எல்லோரும் மருதுவிலேயே நின்றுவிட்டீர்கள். 1929ஐ ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்களே, அது அமெரிக்காக்காரன் சமாசாரமா? நம்ம புதுவயல் வீட்டுக் கிழக்கு மாடி இன்றைக்கும் பூச்சு இல்லாமல் நிற்பது ஏன்?

சிகப்பி, 7:11
அப்பச்சி ரிட்டயர்டு ஆனாலும் பேங்க் ரிட்டயர்டு ஆகவில்லை.

முத்தையா, 7:22
சிரி. அந்த வியாழக்கிழமை ஒரே நாளில் ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. அடுத்த திங்கள், செவ்வாயில் சந்தை அதைவிடக் கீழே போனது. உலகம் முழுக்க வாங்குகிற கை சுருங்கியது. பர்மாவில் நெல்லுக்கு நூறு கூடைக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவார்கள். 1930, 31க்குள் அந்த விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அப்போது அங்கே நம்மவர்கள் வட்டிக்கடை ஏறக்குறைய 1,650. வெளியே கொடுத்திருந்த பணம் சுமார் 75 கோடி என்று அன்றைக்கு அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழுவே கணக்குப் போட்டது. நெல் விற்றால்தானே விவசாயி வட்டி கட்டுவான்? பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம்.

லட்சுமணன், 7:24
நிலம் வந்தால் நல்லதுதானே?

முத்தையா, 7:28
லேவாதேவிக்காரனுக்கு நிலம் வேண்டாம் மாப்பிள்ளை, முதல் புரள வேண்டும். நிலத்தைக் கப்பலில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியுமா? அதுவும் போக, உழுதவன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவனுடைய பூமி கடல் தாண்டி வந்தவன் பேருக்குப் போய்விட்டது. அந்தக் கோபம் நியாயமானதுதான். பின்னால் ஜப்பான்காரன் குண்டு, நம்மவர்கள் நடந்தே ஊர் வந்து சேர்ந்தது, சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, எல்லாம் சேர்ந்து போயிற்று.

முத்தையா, 7:36
(படம்)
(படம்)
முன்னோருக்குப் படைக்கிற போன படைப்புக்குப் போனபோது பெட்டகத்தில் எடுத்தது. முதல் படம் வீட்டுச் சிட்டை, சுக்கில வருஷம் ஐப்பசி, அதாவது 1929 அக்டோபர். மேலே உ, சிவமயம். கீழே பாருங்கள்: விளக்கெண்ணெய், கொத்தனார் கூலி, முட்டை வெள்ளைக்கு, கோயில் மகமை. நியூயார்க் எரிகிற வாரத்தில் நம்ம வீட்டில் சுவர்ப் பூச்சுக்கு முட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டாவது படம் பர்மாக் கடையிலிருந்து வந்த ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) நகல், பிரசோற்பத்தி, 1931. ‘கையிருப்பு’க்கு நேரே ஒன்றுமில்லை. ‘நிலம் வகையில்’ என்று முதல் முறையாக ஒரு வரி வருகிறது.

சிகப்பி, 7:39
தொகைக்குப் பதில் என்னவோ கிறுக்கியிருக்கிறதே?

முத்தையா, 7:40
அது தமிழ் எண். ௲ என்றால் ஆயிரம்.

விசாலாட்சி அப்பத்தா, 7:46
(குரல் பதிவு 0:31)

சிகப்பி, 7:49
அப்பத்தா: ‘நான் கல்யாணமாகி வந்தப்போ கிழக்கு மாடிக்கு ஏணிதான். தேக்குத் தூண் எல்லாம் வந்து இறங்கியாச்சு, மச்சுப் பலகை மட்டும் வரலை. எங்க மாமனார் கடைசி வரைக்கும் அடுத்த கப்பல்ல வரும்னே சொல்லிட்டிருந்தாக.’

அண்ணாமலை, 7:53
முத்து, கறுப்பு வியாழனால்தான் மாடி நின்றது என்று பிள்ளையை எழுத விடாதே. ஒரு நாளில் நடந்ததில்லை அது. நெல் விலை அதற்கு முன்னாலேயே ஆடத் தொடங்கிவிட்டது.

முத்தையா, 7:55
சரி அண்ணே. சரிவு அங்கே ஆரம்பித்தது, இங்கே வந்து சேர இரண்டு வருஷம் பிடித்தது என்று எழுதட்டும்.

சிகப்பி, 8:02
இதுவரை ஒரு பெண் பேர் வரவில்லை என்பதைக் குழு கவனத்தில் கொள்ளவும். கேப்டன் லட்சுமி பிறந்தது 1914 அக்டோபர் 24. சென்னை மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர். சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைவி. படையில் சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், துப்பாக்கியைக் கிட்டத்தில்கூடப் பார்த்திராதவர்கள். ஆங்கிலேயர் அவரைச் சிறைபிடித்தது பர்மாவில். 2002இல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றார்.

மெய்யப்பன், 8:04
எல்லாம் பர்மாவிலும் மலேயாவிலும் போய் முட்டுகிறதே.

உமையாள், 8:08
ஒரு சின்னச் சிக்கல். டைரியைத் திரும்பப் பார்த்தேன். ‘ஐ.நா. தினம் கட்டாயம் இடம்பெற வேண்டும்’ என்று மிஸ் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணாமலை, 8:15
அதற்கென்ன, சேர்த்தால் போயிற்று. 1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான சாசனம் நடைமுறைக்கு வந்த நாள் அக்டோபர் 24. இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நமக்குச் சுதந்திரம் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, ஆனாலும் தொடக்க உறுப்பினர்.

முத்தையா, 8:18
1966 அக்டோபரில் எம்.எஸ். அங்கே போய்ப் பாடியதையும் சொல்லு. காஞ்சிப் பெரியவர் எழுதிய ‘மைத்ரீம் பஜத’. அப்போது பொதுச்செயலாளர் ஊ தாண்ட், பர்மாக்காரர்.

மெய்யப்பன், 8:19
மறுபடியும் பர்மா.

உமையாள், 8:20
இதையெல்லாம் சொன்னால் மதிய மணி அடித்துவிடும். அவனையே கேட்டுவிடுகிறேன், எது வேண்டும் என்று.

உமையாள், 8:26
கான்கார்ட் வேண்டுமாம்.

சிகப்பி, 8:26
😂😂

அண்ணாமலை, 8:28
ஏன் என்று கேள்.

உமையாள், 8:31
சத்தத்தை விட வேகமாகப் போன விமானத்தை ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிய வேண்டுமாம். மற்றதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறதாம், இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையாம்.

முத்தையா, 8:35
நியாயமான கேள்விதான். எரிபொருள் குடித்தது, டிக்கெட் விலை எட்டவில்லை, 2000இல் பாரிஸில் விழுந்து 113 பேர் போனார்கள். வருமானத்துக்கு மேல் செலவு.

உமையாள், 9:20
சொக்கு உட்கார்ந்து எழுதியது. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்:

‘அனைவருக்கும் காலை வணக்கம். இன்று அக்டோபர் 24, ஐக்கிய நாடுகள் தினம். 1945இல் ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். அதற்கு 144 ஆண்டுகளுக்கு முன்பு இதே நாளில் நம் பக்கத்து ஊரான திருப்பத்தூரில் மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர். சின்ன மருதுவின் அரண்மனையில் காவலாளியே கிடையாது. அவர் மகன் துரைசாமி என் அண்ணன்கள் வகுப்பில் படிக்கிற வயதில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 1929இல் இதே நாளில் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டு மாடி வேலை நின்றது. கேப்டன் லட்சுமியின் பிறந்தநாளும் இன்றுதான். 2003இல் கான்கார்ட் விமானம் கடைசியாகப் பயணிகளோடு பறந்தது. அது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்றரை மணி நேரத்தில் போய்விடும். நன்றி.’

அண்ணாமலை, 9:24
காவலாளி வரி நன்றாக வந்திருக்கிறது. பிரகடனத்தை விட்டுவிட்டான், பரவாயில்லை.

முத்தையா, 9:25
மாடி வரியை யார் சொல்லிக்கொடுத்தது?

உமையாள், 9:26
யாரும் இல்லை சித்தப்பா.

விசாலாட்சி அப்பத்தா, 9:30
காடன் செட்டியாரக் காணோமே

உமையாள், 9:31
இரண்டு நிமிடம்தான் அப்பத்தா. இதற்கே மூச்சு முட்டுகிறது.

விசாலாட்சி அப்பத்தா, 9:33
அந்தப் பிளேனை எடுக்கச் சொல்லு