ஈமப்பட்டா, கல்லறைப் பட்டா?

வணக்கம்.

இடைக்கால இஸ்லாமிய நாடுகளில் நெய்யப்பட்டு, பின்னர் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட பட்டுகளுக்கு ‘ஈமப்பட்டு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஈமத்தாழி, ஈமச்சின்னம் எனத் தொல்லியலில் ஊன்றிவிட்ட முன்னொட்டு அது. ஆயினும் ஈமத்தாழி இறந்தவருக்காகவே வனையப்பட்டது. இந்தப் பட்டுகள் பலவும் அவ்வாறு நெய்யப்பட்டவை அல்ல என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள புனித ஜோஸ் பட்டு இதற்குச் சான்று. யானை உருவங்கள் கொண்ட அந்தக் குராசான் (கிழக்கு ஈரானும் அதை ஒட்டிய பகுதியும்) துணியின் அரபு வாசகம், 961இல் கொல்லப்பட்ட தளபதி அபு மன்சூர் பக்தகீனின் பெயரைச் சொல்லி, அவருடைய வாழ்நாளை நீட்டிக்குமாறு இறைவனை வேண்டுகிறது. நீடு வாழ்க என்று எழுதிய துணியைப் பிணத்துக்கென எவரும் நெய்திருக்க மாட்டார்கள். அதுவே பின்னாளில் வட பிரான்சில் ஒரு கிறித்தவப் புனிதரின் எலும்புகளைப் பொதிந்திருந்தது. ஸ்பெயினின் புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தில், காஸ்தீலிய அரச குடும்பத்தாரின் கல்லறைகளில் கிடைத்த அரபு எழுத்துடைய அந்தலூசியப் (முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின்) பட்டுகளும் கிறித்தவர்களோடு புதைக்கப்பட்டவையே.

‘கபன்’ என்ற சொல்லையும் இங்கே நீட்ட இயலாது. தமிழ் முஸ்லிம்களிடையே அது உடலைச் சுற்றும் எளிய வெள்ளைத் துணி. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டதும்கூட. கல்லறையின் மேல் விரிப்பதற்கோ தர்கா வழக்கில் ‘போர்வை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது; அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, கிடைத்த இடத்தை மட்டும் சொல்லும் ‘கல்லறைப் பட்டு’ என் பரிந்துரை. புனித ஜோஸ் பட்டு போலத் திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் எலும்பு முதலிய எச்சங்களை, சுற்றியிருந்தவற்றை ‘பொதிபட்டு’ எனப் பிரிக்கலாம்.

தெஹ்ரானுக்குத் தெற்கே உள்ள ரய் நகரத்துக் கல்லறைகளில் கிடைத்தவை என்று 1920களிலிருந்து சந்தைக்கு வந்த ‘புவைஹியப் பட்டு’களுக்கு (புவைஹியர், இடைக்காலத்தில் ஈரானை ஆண்ட அரச மரபினர்) இந்தப் பெயரையும் தரத் தயங்குகிறேன். ஷீலா பிளேர், ஜோனதன் புளூம், ஆன் வார்ட்வெல் ஆகியோர் 1992இல் வெளியிட்ட எழுத்தமைதி ஆய்வும் கதிர்க்கரிமக் கணிப்பும், அவற்றுள் பல நவீன காலத்தவை எனக் காட்டின. இறப்பைப் பற்றிய வாசகங்கள் சிலவற்றில் இருப்பது வாங்குவோரை எளிதில் நம்பவைத்திருக்கும். அவற்றை, காலம் உறுதிப்பட்ட ஒருசிலவற்றைத் தவிர, ‘ரய் பட்டு எனப்படுபவை’ என்றே எழுதலாம்.