கண்டம் (Gundam) அனிமே, சீரிஸா, மூணு படமா? சொல்லுங்கப்பா

மக்களே ஒரு ஹெல்ப், தம்பிக்கு 1979 கண்டம் காட்டலாம்னு இருக்கேன், ஆனா 43 எபிசோடுன்னதுமே ஓடுறான், அதான் அதையே சுருக்கி 1981-82ல வந்த மூணு படத்தையே போட்டுரலாமான்னு யோசனை. மூணாவது படத்துல நிறைய சீன் புதுசா வரைஞ்சிருக்காங்க, செம்மயா இருக்கும், சீரிஸ்ல பொம்மை விக்கவே வந்த மாதிரி இருந்த அந்த ஜி-ஆர்மர்ங்கிற வண்டியையும் படங்கள்ல தூக்கிட்டு கோர் பூஸ்டர்ங்கிற விமானத்த வச்சுட்டாங்க, நல்லதுதான். ஆனா டோவன் தீவு எபிசோடு படத்துல கிடையாதே, ஹீரோ அமுரோ கொஞ்சம் கொஞ்சமா மாறுறதும் வேகமா ஓடிருதோன்னு டவுட்டு. ரெண்டும் பார்த்தவங்க சொல்லுங்க, படம் மட்டும் பார்த்துட்டு நேரா அடுத்த சீரிஸான ஸீட்டா கண்டம் போனா புரியுமா? ஸீட்டாவ மட்டும் சீரிஸாத்தான் காட்டுவேன், அதோட படத்துல முடிவையே மாத்திட்டாங்க.