நடந்ததை எழுதிப் பார்த்தபோது உங்களுக்கு என்ன தெரிந்தது?

செவிலியர் (தொடங்கியவர்)

படிக்கும்போது எங்களை 'ரெஃப்ளெக்‌ஷன்' எழுதச் சொல்வார்கள், அதாவது நடந்ததைத் திரும்பிப் பார்த்து ஒரு குறிப்பு. அதற்குக் கொடுத்தது கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சி. ஆறு கட்டம்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது சரியாக அமைந்தது எது அமையவில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள். தலைப்புக்கு நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது. முக்கால்வாசிப் பேரின் தாள் 'நோயாளியிடம் பேசுவதன் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்' என்றுதான் முடியும். நடக்காத சம்பவத்தை நடந்ததாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். (இனிமேல் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவுப் பணி. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை மணியை அழுத்தினார். முதலில் தண்ணீர். அப்புறம் போர்வை. மூன்றாவது முறை போய், "என்ன ஐயா, இப்போதுதானே வந்துவிட்டுப் போனேன்?" என்றேன். "ஒன்றுமில்லைம்மா" என்றார். அதற்கப்புறம் மணி அடிக்கவே இல்லை. நடுவில் எட்டிப் பார்த்தேன், கண் மூடியிருந்தது, தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விடிகாலையில்தான் தெரிந்தது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். யாரும் கேட்கவில்லை, மனசுதான் கேட்கவில்லை. 'அன்று ஆள் குறைவு. நோயாளி வலியைத் தெரிவிக்கவில்லை' என்று ஆரம்பித்தேன். பொய்யில்லை. ஆனால் 'தெரிவிக்கவில்லை' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த மூன்றாவது மணி எதற்கு? தண்ணீரும் போர்வையும்கூட, வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கேட்டவையாக இருக்கலாம். அடித்துவிட்டு வேறு எழுதினேன்: 'சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.' இந்த இரண்டு வரிக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இப்போதெல்லாம் கட்டிலை விட்டு நகரும் முன் வலி இருக்கிறதா, வேறு ஏதாவது வேண்டுமா என்று நானே கேட்டுவிடுவேன். மறுபடி எத்தனை மணிக்கு வருவேன் என்றும் சொல்லிவிடுவேன். மணிச் சத்தம் குறைந்திருக்கிறது.

உங்களுக்கும் இப்படிப் பேனா நின்ற இடம் உண்டா?

மென்பொருள் பராமரிப்பு

அக்கா அளவுக்குப் பாரமான கதை என்னிடம் இல்லை. விப்ரோவில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வைப் படித்துத்தான் எழுத ஆரம்பித்தேன். நாளின் கடைசி 15 நிமிடம் அன்று கற்றதை எழுதியவர்கள், அந்த நேரத்திலும் வேலையைத் தொடர்ந்தவர்களைவிடப் பயிற்சியின் இறுதித் தேர்வில் சுமார் 23 சதவீதம் மேலாகச் செய்தார்களாம். சரி, நாமும் செய்வோம் என்று இறங்கினேன்.

ஒரு மாதம் எழுதியதைத் திருப்பிப் படித்தால், எல்லாப் பக்கத்திலும் நான் மேதாவி. 'முதலிலேயே சந்தேகப்பட்டேன், அதேபோல் ஆனது.' காரணம் தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் வேறெப்படி வரும்?

அதனால் முறையை மாற்றினேன். நாங்கள் பராமரிக்கும் மென்பொருள் நின்றுபோனால், நடந்ததெல்லாம் தானாகப் பதிவாகும் லாக் கோப்பைத் திறக்கும் முன்பே என் ஊகத்தை நேரத்தோடு ஒரு வரி எழுதி வைப்பேன். 30 சம்பவங்கள் சேர்ந்ததும் எண்ணினேன். 19 முறை டேட்டாபேஸ் மேல்தான் பழி போட்டிருக்கிறேன். உண்மையில் அது காரணமாக இருந்தது 6 முறை. அதற்கு முந்தைய வருஷம் ஒரு பெரிய டேட்டாபேஸ் கோளாறில் இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். அந்தப் பயம் இன்னும் என் விரலில் இருக்கிறது போல.

ஆசிரியர் பயிற்சியாளர்

முன்கூட்டியே எழுதி வைக்கும் தம்பிக்கு ஒரு சபாஷ். தொழில் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்டு ஷோன் 1983இல் எழுதியபோது, வேலை நடக்கும்போதே யோசிப்பதையும் முடிந்த பிறகு யோசிப்பதையும் பிரித்துச் சொன்னார். முதலாவது கண் இமைக்கும் நேரத்தில் கரைந்துபோகும். தம்பி அதைப் பிடித்து வைத்திருக்கிறார்.

என்னுடையது மறுபக்கத்துக் கதை. பயிற்சி ஆசிரியர்களின் நாட்குறிப்பைப் பல வருஷம் சிவப்பு மையில் திருத்தினேன், மதிப்பெண்ணும் போட்டேன். பிறகு ஏன் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று சலித்துக்கொண்டேன்! மதிப்பெண் போடும் ஆளிடம் யார் தன் சறுக்கலைச் சொல்வார்கள்? ஒரு வருஷம் அதை நிறுத்திவிட்டு, ஓரத்தில் கேள்வி மட்டும் எழுத ஆரம்பித்தேன்.

ஒரு பெண் 'பின்னங்கள் நடத்தினேன், மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்' என்று எழுதியிருந்தார். 'எப்படித் தெரியும்?' என்று கேட்டேன். 'தலையாட்டினார்கள்.' 'யார் யார்?' அடுத்த நாள் பதில் வந்தது: 'முன் வரிசை.' அதற்கடுத்த நாள் அவராகவே, 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று ஒரு சின்னத் தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 1/4 என்று எழுதியிருந்தார்கள், 3ஐவிட 4 பெரிது அல்லவா! அன்றைய குறிப்பு மூன்று பக்கம். நான் படித்ததிலேயே நல்ல குறிப்பு அதுதான், எழுத்துப்பிழைகள் உட்பட.

சமூகப் பணியாளர்

எல்லாரும் நன்மையே சொல்கிறீர்கள், எனக்கு அப்படி இல்லை. ஒரு குழந்தை விஷயத்தில் தவறான முடிவெடுத்துவிட்டேன். விவரம் வேண்டாம். தினமும் இரவு அதையே எழுதினேன், 40 நாள் இருக்கும். எழுத எழுத ஆறும் என்றார்கள். புண்ணைச் சொறிந்துகொண்டிருந்ததுதான் மிச்சம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களை மனம் நொந்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னது தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம். அவ்வளவுதான். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் இருந்தது. அடுத்த சில மாதங்களில்தான் மருத்துவரிடம் போவது குறைந்தது. எனக்குக் கை கொடுத்தது, நோட்டை மூடிவிட்டு என் மேற்பார்வையாளரிடம் பேசியது.

செவிலியர் (தொடங்கியவர்)

நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. இதை யாரும் முன்னதாக எச்சரிப்பதில்லை.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பிரிட்டனில் செவிலியர்கள் பதிவைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படி 5 குறிப்புகள் எழுதியாக வேண்டும். நோயாளி யாரென்று தெரியும்படி எதுவும் அதில் இருக்கக்கூடாது. எங்கே எழுதினாலும் அந்தக் கவனம் வேண்டும். மேலே நான் சொன்ன பெரியவரைப் பற்றியும் ஒன்றிரண்டு விவரம் மாற்றித்தான் சொன்னேன்.

அப்புறம், அந்த 'எப்படித் தெரியும்?' என்னையும் விடவில்லை, டீச்சர். மணிச் சத்தம் குறைந்திருக்கிறது என்று பெருமையாக எழுதிவிட்டேன். அன்றைக்குப் பெரியவர்கூட மூன்றாவது முறைக்கு அப்புறம் மணி அடிக்கவில்லையே. வெள்ளிக்கிழமை இரவுப் பணி இருக்கிறது. மணி அடிக்காதவர்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.